பொம்பேயின் மூன்று குளியலகங்கள்: தரைச்சூட்டிலிருந்து சுவர்ச்சூட்டுக்கு

ரோமானியக் குளியலகம் என்றதும் "தரைக்கு அடியில் நெருப்பு மூட்டினார்கள்" என்ற ஒரு வரியோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். அது பாதிக் கதைதான். தரையைச் சூடாக்கும் வித்தை கி.மு. 2ஆம் நூற்றாண்டிலேயே அவர்கள் கைக்கு வந்துவிட்டது. சுவரை வழிக்குக் கொண்டுவரத்தான் அதற்குமேல் நூறாண்டுக்கும் கூடுதலாக ஆயிற்று. இந்த மாற்றம் ஒரே ஊரில், அடுத்தடுத்த தெருக்களில், படிப்படியாகத் தெரியும் இடம் பொம்பேய். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை மூடிய இந்த ஊரில் மூன்று பொதுக் குளியலகங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் போதும்.

முதலாவது ஸ்டேபியக் குளியலகம். மூன்றிலும் பழையது; கி.மு. 2ஆம் நூற்றாண்டில் தொடங்கிப் பலமுறை இடித்துத் திருத்தப்பட்டது. இரண்டாவது மன்றக் குளியலகம். கி.மு. 80இல் ரோமானியத் தளபதி சுல்லா தன் படைவீரர்களை இங்கே குடியேற்றிய பின் எழுந்தது. மூன்றாவது நடுக் குளியலகம். கி.பி. 62இன் நிலநடுக்கத்துக்குப் பிறகு தொடங்கி, எரிமலை வெடித்தபோதும் வேலை முடியாமல் நின்றது.

அடுப்பும் கொதிகலன்களும்

ஸ்டேபியக் குளியலகத்தில் ஆண்களின் வெந்நீர்க் கூடம் ஒரு பக்கம், பெண்களுடையது மறுபக்கம், நடுவே அடுப்பறை. ஒரே அடுப்பின் சூடு இரண்டு பக்கமும் போகும். வெந்நீர்க் கூடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் கால்டேரியம். அதை அடுத்து இளஞ்சூட்டுக் கூடமான டெபிடேரியம், பிறகு உடைமாற்றும் அறை. அடுப்பிலிருந்து தள்ளிப் போகப் போகச் சூடு குறையும். எந்தக் கூடம் எங்கே என்பதை முடிவுசெய்வது அடுப்பின் இடம்தான். கட்டடத்தின் வரைபடமே சூட்டின் வரைபடம்.

இந்த அடுப்புகளில் பொதுவாகக் கம்பித்தட்டு இருக்காது. செங்கல் பாவிய தரையிலேயே விறகை அடுக்கி எரித்தார்கள். அடியிலிருந்து காற்று ஏறாததால் எரிதல் மந்தம். தேவைக்கு மேற்பட்ட காற்று வாய்வழியே புகுந்து சூட்டைத் தணித்துக்கொண்டே இருக்கும். விறகை வீணாக்கும் அமைப்புதான், ஆனால் இந்த வேலைக்குப் பொருந்தியது. தளத்துக்கு அடியில் வேண்டியது கொழுந்துவிட்டு எரியும் கடுந்தீ அல்ல. நீண்ட நேரம் ஒரே சீராக ஓடும் சுடுகாற்று.

அடுப்புக்கு மேலே மூன்று கொதிகலன்கள் இருந்த இடம் ஸ்டேபியக் குளியலகத்தில் இன்றும் தெரிகிறது. கி.மு. முதல் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் சொல்லும் அமைப்பும் இதுதான்: வெந்நீருக்கு ஒன்று, வெதுவெதுப்பான நீருக்கு ஒன்று, குளிர்ந்த தண்ணீருக்கு ஒன்று. வெந்நீர்க் கலத்திலிருந்து எவ்வளவு எடுக்கிறோமோ அவ்வளவு நீர் நடுக்கலத்திலிருந்து அதற்குள் இறங்கும். நடுக்கலத்தைத் தண்ணீர்க் கலம் நிரப்பும். கொதிக்கும் கலத்தில் பச்சைத் தண்ணீரை நேராக ஊற்றினால் சூடு ஒரேயடியாக விழுந்துவிடும். இங்கே உள்ளே வரும் நீர் ஏற்கெனவே பாதி சூடேறியது. அந்தப் பாதிச் சூடும் வீணாகப் போயிருக்க வேண்டிய சூட்டிலிருந்தே கிடைக்கிறது.

கொதிகலன் எப்படி இருந்தது என்பதற்கு நல்ல சான்று பொம்பேய்க்கு வடக்கே போஸ்கோரியாலேயில் தோண்டியெடுத்த பண்ணை வீட்டில் கிடைத்தது. உருளை வடிவ ஈயக் கலம். குழாய்களும் திறந்து மூடும் அடைப்பான்களும் சேர்ந்தே கிடைத்தன. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். விறகுத் தீ அதைவிட இரண்டு மூன்று மடங்கு சூடு. அப்படியிருந்தும் ஈயக் கலம் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் உள்ளிருக்கும் நீர். நீர் இருக்கும்வரை கலத்தின் சுவர் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். தீ நேராகப் படும் அடிப்பாகத்துக்கு மட்டும் வெண்கலம் போன்ற வலுவான உலோகம் வேண்டும். அடுப்பாள் மறக்கக் கூடாத முதல் விதி இதிலிருந்து வருகிறது: கலம் வற்றினால் தீயை முதலில் இழு, பிறகு தண்ணீரைப் பார். வற்றிய ஈயக் கலத்துக்கு அடியில் தீ சில நிமிடம் நின்றாலே கலம் போய்விடும்.

ஆமைக் கலம்

கொதிகலன் நீரைத் தொட்டியில் நிரப்பினால் மட்டும் போதாது, தொட்டியின் நீர் ஆறிக்கொண்டே இருக்கும். ஸ்டேபியக் குளியலகத்தின் பெண்கள் கூடத்தில் இதற்குச் செய்த ஏற்பாடு தப்பிப் பிழைத்திருக்கிறது. நீளவாக்கில் பாதியாக வெட்டிய பீப்பாயைப் போன்ற ஒரு வெண்கலக் கலம். தட்டையான அடிப்பக்கம் அடுப்பிலிருந்து வரும் தீவழியின் மேல் உட்கார்ந்திருக்கும். ஒரு முனை அடைப்பு. மறுமுனை குளியல் தொட்டிக்குள் திறந்திருக்கும். முதுகு வளைந்திருப்பதால் லத்தீனில் டெஸ்டூடோ, அதாவது ஆமை, என்றார்கள்.

கலத்தின் தரை, தொட்டியின் தரையைவிடச் சற்றுத் தாழ்வு. தொட்டியில் ஆறிய நீர் கனத்துக் கீழே இறங்கி, தரையோடு ஊர்ந்து ஆமைக்குள் போகிறது. அங்கே சூடேறி லேசாகி, வளைந்த முதுகின் உட்புறம் வழியாக மேலேறித் தொட்டிக்குத் திரும்புகிறது. பம்பு இல்லை, ஆள் இல்லை. தீ இருக்கும்வரை சுழற்சி நிற்காது. கூரைமேல் வைக்கும் இன்றைய சூரிய வெந்நீர்க் கலங்கள் பலவும் இதே தத்துவத்தில்தான் ஓடுகின்றன.

இதில் கோளாறு வருவது இரண்டு வழியில். தொட்டியின் நீர்மட்டம் கலத்தின் வாய்க்குக் கீழே போனால் சுழற்சி அறுந்து, உள்ளிருக்கும் கொஞ்ச நீர் கொதித்து ஆவியாகிவிடும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த நீரானால் அடித்தட்டில் உப்புப் படிந்து கெட்டியாகும். சூடு நீருக்குள் ஏறாமல் உலோகத்திலேயே தங்கி, தட்டு தீய்ந்து ஓட்டை விழும்.

தொங்குதளம்

இனித் தரை: கால்களின் மேல் தூக்கி நிறுத்தி, அடியில் சுடுகாற்று ஓட வெளி விட்ட தொங்குதளம். விட்ருவியஸ் தரும் அளவுகளை மீட்டருக்கு மாற்றிக்கொள்வோம். ஒரு ரோமானிய அடி 29.6 சென்டிமீட்டர்.

அடித்தளத்தில் ஒன்றரை அடிச் சதுர ஓடுகளைப் பாவ வேண்டும். அந்தத் தளம் அடுப்பை நோக்கிச் சரிய வேண்டும். எவ்வளவு சரிவு என்பதற்கு அவர் எண் சொல்வதில்லை, சோதனை சொல்கிறார்: உள்ளே ஒரு பந்தை எறிந்தால் அது தங்காமல் உருண்டு அடுப்பு வாய்க்கே திரும்பி வர வேண்டும். கொத்தனாருக்கு இதைவிடத் தெளிவான கட்டளை இருக்க முடியாது. தீ உள்ளே எளிதாகப் பரவுவதற்காக என்பது அவர் சொல்லும் காரணம். சூடான காற்று மேலேறும் குணம் உடையது, தளமும் உள்நோக்கி ஏறுவதால் அதன் போக்குக்கு அது துணைநிற்கிறது. சாம்பலை வாரி வெளியே இழுப்பதற்கும், கசிந்த நீர் அடுப்புப் பக்கம் வடிவதற்கும் இதே சரிவு உதவும்.

அதன்மேல் 8 அங்குலச் செங்கற்களால் கால்கள். செங்கல் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர்ச் சதுரம். காலின் உயரம் 2 அடி, அதாவது 59 சென்டிமீட்டர். இரண்டடிச் சதுர ஓடுகள் மேலே உட்காரும்படி இடைவெளி விட வேண்டும். நான்கு ஓடுகளின் மூலைகள் ஒரு காலின் உச்சியில் சந்திக்கும். 60 சதுர மீட்டர்க் கூடம் என்று வைத்துக்கொண்டால் 170க்குச் சற்றுக் கூடுதலான கால்கள் வேண்டும். 4 சென்டிமீட்டர்ச் செங்கல், ஒரு சென்டிமீட்டர் மண்பூச்சு எனப் போட்டால் காலுக்கு 12 வீதம் 2,000க்கு மேற்பட்ட செங்கற்கள். மேலே போடும் இரண்டடி ஓடு 6 சென்டிமீட்டர்க் கனத்தில் ஒன்று 37 கிலோ வரும். இரண்டு பேர் பிடித்து இறக்க வேண்டிய எடை.

கால்களுக்குச் சுண்ணாம்புச் சாந்து கூடாது, மயிர் கலந்த களிமண்தான் வேண்டும் என்கிறார் விட்ருவியஸ். அனுபவம் பேசும் இடம் இது. சுண்ணாம்புச் சாந்து 800–900 டிகிரிச் சூட்டில் மீண்டும் சுட்ட சுண்ணாம்பாகிவிடும். அடுப்பு அணைந்து ஈரம் பட்டதும் அது நீர்த்துப் பொங்கி உதிரும். களிமண் அப்படியல்ல, தீ பட்டால் அதுவே சுட்டு இறுகிச் செங்கல்லின் இனமாகிவிடுகிறது. காயும்போது வெடிக்காமல் மயிர் பிடித்துக்கொள்கிறது. சுண்ணாம்புக்கல்லைச் செதுக்கிக் காலாக நிறுத்தினாலும் இதே சிக்கல்தான்: அடுப்பு வாய்க்கு எதிரே நிற்கும் கல் முதலில் பொடிந்துபோகும்.

காலின் மேல் விழும் பாரம் அச்சப்படும் அளவுக்கு இல்லை. 30 சென்டிமீட்டர்க் கனத் தளம் சதுர மீட்டருக்கு 570 கிலோ வரும். ஒரு காலுக்கு 200 கிலோ. சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோதான். ஆகையால் கால் நசுங்கித் தளம் விழுவது அரிது. ஒரு கால் சாய்ந்தோ, அடிச்செங்கல் தீய்ந்தோ நகர்ந்தால், நான்கு ஓடுகள் ஒரே நேரத்தில் ஒரு மூலையை இழக்கின்றன. அங்கிருந்துதான் விரிசல் புறப்படும்.

இரண்டடி ஓட்டுக்கு மேலே செங்கல் பொடியும் துண்டுகளும் சேர்த்த சுண்ணாம்புக் கலவை. நம் பழைய கொத்தனார்கள் சுர்க்கி என்று சொல்வதன் நெருங்கிய உறவு. நீர் இறங்காது, சூட்டைப் பிடித்துவைக்கும். அதன்மேல் மொசைக்கோ பளிங்கோ.

எத்தனை நேரம், எவ்வளவு விறகு

570 கிலோ தளத்தை 15 டிகிரியிலிருந்து 40க்கு ஏற்றச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 13 மெகாஜூல் வேண்டும். 60 சதுர மீட்டருக்கு 770. நன்கு காய்ந்த விறகு கிலோவுக்கு 15 மெகாஜூல் தரும் என்றால், ஒரு துளியும் வீணாகாதபோது 50 கிலோ. கம்பித்தட்டில்லாத அடுப்பில் மூன்றில் ஒரு பங்கு தளத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அதுவே பெரிது. ஆக 150 கிலோ. இது தரைக்கு மட்டும். சுவர், கூரை, தொட்டி நீர் எல்லாம் தனி. 5 கன மீட்டர்த் தொட்டி நீரை 15இலிருந்து 40 டிகிரிக்கு ஏற்ற இன்னொரு 520 மெகாஜூல். அதே கணக்கில் மேலும் 100 கிலோ விறகு.

விறகைவிட முக்கியம் நேரம். 30 சென்டிமீட்டர்க் காரைத் தளத்தில் சூடு மெல்ல நகரும். அடியில் தீ வைத்து ஏழெட்டு மணி நேரம் கழித்தே மேலே சூடு தட்டுப்படும். ஒரு நிலைக்கு வர இரண்டு நாள் ஆகும். காலையில் மூட்டி மாலையில் குளிப்பது இந்தக் கட்டடத்தில் நடக்காது. ஒருமுறை சூடேற்றிய பின் அணையவிடாமல் காப்பதே சிக்கனம். இரவு முழுவதும் கனல் இருந்தால் காலையில் கூடம் சில டிகிரிதான் இறங்கியிருக்கும். கனத்த தளம் என்பது இங்கே சூட்டுக் களஞ்சியம். அடுப்பாள் ஒரு மணி நேரம் கண்ணயர்ந்தாலும் குளிப்பவருக்குத் தெரியாது. அதே தளம், அடுப்பாள் அளவுக்கு மீறி எரித்துவிட்டாலும் உடனே காட்டிக்கொடுக்காது. மறுநாள்தான் தரையில் கால் வைக்க முடியாமல் போகும். அப்போது தீயைக் குறைத்தும் பயன் இல்லை. மரக்கட்டைச் செருப்பு அணிந்து உள்ளே போகும் வழக்கம் வெறும் பகட்டு அல்ல.

குளிர்ந்த கட்டடத்தில் முதல் தீ தனிக் கலை. புகைவழி குளிர்ந்திருக்கும்போது இழுப்பு இருக்காது. சுடுகாற்று உள்ளே போன கையோடு ஆறிக் கனத்து, புகை அடுப்பு வாய்க்கே திரும்பும். ஆகவே முதலில் சுள்ளியும் காய்ந்த சருகும் போட்டுப் படபடவென எரியவிட்டு வழியைச் சூடாக்க வேண்டும். இழுப்பு பிடித்த பிறகே கட்டை. ஆனால் எரியும் வேகத்தைத் தளம் தாங்க வேண்டும். 10 மீட்டர் நீளச் செங்கல் தளம் 100 டிகிரி ஏறினால் 5–6 மில்லிமீட்டர் நீளும். அடிப்பக்கம் நீண்டு மேற்பக்கம் குளிர்ந்தே இருந்தால் விரிசல் நிச்சயம்.

சுவர்

தரை மட்டும் சூடான கூடத்தில் நடப்பது இது. 40 டிகிரியில் நீராவி நிறைந்த காற்று கன மீட்டருக்கு 51 கிராம் நீரைச் சுமக்கும். 25 டிகிரிச் சுவரைத் தொட்டதும் அந்தக் காற்றால் 23 கிராமைத்தான் பிடித்துவைக்க முடியும். மீதி சுவரில் வியர்க்கிறது. 300 கன மீட்டர்க் கூடத்தில் ஒரு நிரப்புக் காற்றிலிருந்தே 8 லிட்டர் நீர். தொட்டியிலிருந்து ஆவி எழுந்துகொண்டே இருப்பதால் இது நிற்பதில்லை. சுதை ஊறி உப்பும், வண்ணம் உரியும், மர உத்தரம் உளுத்துப்போகும். குளிப்பவருக்கும் சுகமில்லை, கால் சுடும், முதுகுப் பக்கம் சில்லென்றிருக்கும்.

ஸ்டேபியக் குளியலகத்தில் இதற்குப் பின்னாளில் செய்த திருத்தம் 'முலை ஓடு'. தட்டையான பெரிய ஓட்டின் பின்புறம் நான்கு மூலையிலும் கூம்பு போன்ற புடைப்பு. அதனால்தான் லத்தீனிலும் இதே பொருளில் டெகுலா மம்மாட்டா. புடைப்பு சுவரில் ஊன்ற, இரும்பு ஆணியால் ஓட்டைப் பிடித்துவிட்டால் சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவே சில விரற்கடை இடைவெளி கிடைக்கும். தொங்குதளத்துக்கு அடியிலிருந்து சுடுகாற்று அந்த இடைவெளியில் ஏறும். முன்பக்கம் சுதை பூசிவிட்டால் பார்ப்பவருக்குச் சாதாரணச் சுவர்தான்.

பழைய கட்டடத்தில் ஒட்டுவதற்கு ஏற்ற எளிய முறை இது. குறையும் அதிலேயே இருக்கிறது. ஆணி துருப்பிடித்தால் ஓடு, சுதை எல்லாம் சேர்ந்து பலகையாகச் சரியும். இடைவெளி முழுவதும் ஒரே வெளியாக இருப்பதால் சுடுகாற்று இழுப்பு வலுத்த பக்கமே ஓடும். மூலைகள் ஆறிக் கிடக்கும்.

அடுத்த படி பெட்டிக் குழாய். டூபுலுஸ் என்பார்கள். மேலும் கீழும் திறந்த, செவ்வக வாயுள்ள சுட்ட மண் குழாய். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவர் முழுவதையும் மூடுவது. பக்கவாட்டில் சிறு துளைகள் உண்டு. ஒரு வரிசையில் அடைப்பு வந்தாலும் சுடுகாற்று அடுத்த வரிசைக்குத் தாவிவிடும். சுதை பிடிக்க முகத்தில் சீப்பால் கீறியிருப்பார்கள். குழாய் தன் எடையைத் தானே தாங்குவதால் இரும்பு கொக்கிகளுக்குச் சாயாமல் பிடிக்கும் வேலை மட்டும் மிஞ்சும். சுவரில் பதித்த இந்தக் குழாய்கள் தம் நினைவுக் காலத்தில் வந்த புதுமை என்று கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியத் தத்துவ அறிஞர் செனெகா எழுதுகிறார். அவருக்கு முந்தைய விட்ருவியஸ் தொங்குதளத்தை விரிவாகச் சொல்லிவிட்டுச் சுவர்க் குழாய் பற்றி வாய் திறக்காததும் இதோடு பொருந்துகிறது.

சூடான சுவரின் பெரிய பயன், அது கூடத்தைச் சூடாக்கியது என்பதைவிட, கூடத்தின் சூட்டை வெளியே விடாமல் தடுத்ததுதான் என்பது எங்கள் கணிப்பு. சுவரின் மேற்பரப்பு காற்றின் சூட்டை ஒட்டியே நின்றால் வியர்வை இல்லை, உடம்பிலிருந்து சூட்டை இழுக்கும் குளிர்முகமும் இல்லை. ஸ்டேபியக் குளியலகத்தின் வட்ட அறை இதற்குச் சாட்சி. கணப்பு வைத்து உலர்சூட்டில் வியர்க்கும் அறையாக இருந்த அது, பின்னாளில் குளிர்நீர்க் குளமாக மாற்றப்பட்டது என்றே இன்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வெந்நீர்க் கூடமே போதிய சூட்டை எட்டிவிட்ட பிறகு தனி வியர்வை அறைக்குத் தேவை குறைந்திருக்கும்.

மன்றக் குளியலகம்: கணப்பும் வரிக்கூரையும்

மன்றக் குளியலகத்தின் ஆண்கள் டெபிடேரியத்தில் தொங்குதளம் கிடையாது. நடுவே பெரிய வெண்கலக் கணப்பு. மார்க்குஸ் நிகிடியுஸ் வக்குலா என்பவர் தன் செலவில் கொடுத்தது, பெஞ்சுகளும் அவருடையவை. வக்குலா என்றால் கன்றுப் பசு. கணப்பில் ஒரு பசுவின் உருவத்தையும் வார்த்துவைத்திருக்கிறார்.

கணப்பு கரியை எரிக்கிறது. கிலோவுக்கு 30 மெகாஜூல், முழுச் சூடும் அறைக்கே. திறனில் தொங்குதளம் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் கரியின் நச்சுக் காற்றும் அறைக்கே. மூடிய அறையில் தலைவலியும் மயக்கமும் வரும். ஒரே சீரான சூடும் கிடைக்காது. பக்கத்தில் அனல், மூலையில் குளிர்.

பக்கத்து வெந்நீர்க் கூடத்தில் தரையும் சுவரும் சூடாக்கப்பட்டன. அடுப்பை ஒட்டிய முனையில் வெந்நீர்த் தொட்டி. எதிர்முனையின் அரைவட்ட மாடத்தில் முகம் கழுவும் அகன்ற பளிங்குத் தொட்டி. அதன் விளிம்பிலேயே விலை பொறித்திருக்கிறது: 5,250 செஸ்டர்ஸ். மாடத்தின் மேலே வட்டத் திறப்பு. கூரை உத்தரமில்லாத வளைவு, அதன் உட்புறச் சுதையில் குறுக்காக வரிவரியாகப் பள்ளங்கள். அழகுக்காக என்று நினைத்துக் கடந்துபோவோர் பலர். வளைவுக்குச் சுவரைப் போல அடிச்சூடு கிடைக்காது. நீராவி அங்கே குளிரத்தான் செய்யும். மழமழப்பான கூரையானால் துளிகள் திரண்டு குளிப்பவர் தலையில் சொட்டும். பள்ளங்கள் அந்த நீரை ஓடைபோல் பிடித்துச் சுவரோடு இறக்கிவிடுகின்றன.

கசியும் புகை

தரையிலும் சுவரிலும் ஓடுவது சுடுகாற்று மட்டுமல்ல, புகையும்தான். மேற்பரப்பு விரிசல் கண்டால் அது கூடத்துக்குள் வரும். குளியலகக் குத்தகைக்காரர்கள் அடுப்பில் ஒலிவ மரத்தை எரிக்கவும் களைவிதைகளைப் போடவும் தடை இருந்ததாகக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். அந்தப் புகையால் குளிப்பவர்களுக்குத் தலைவலியும் கிறுகிறுப்பும் வந்ததாம். புகை உள்ளே வராத கட்டடத்துக்கு இப்படியொரு விதி தேவைப்பட்டிருக்காது.

ஈர விறகு இதை மேலும் கெடுக்கும். அதன் நீராவியும் தாரும் குளிர்ந்த குழாய்களின் உச்சியில் படிந்து வழியை நெருக்கும். மேல்துளை அடைபட்டால் இழுப்பு குறையும். இழுப்பு குறைந்தால் எரிதல் மந்தமாகும். மந்தமான தீ இன்னும் தாரைக் கக்கும். முதலில் தெரியும் அறிகுறி அடுப்பு வாயில் திரும்பும் புகை, அடுத்தது அடுப்புக்கு எதிர்மூலைச் சுவர் வியர்ப்பது. அந்த மூலைக்குச் சுடுகாற்று எட்டவில்லை என்று பொருள். தளத்தைத் தட்டிப் பார்த்து, விரிசலைச் செங்கல் பொடிச் சாந்தால் அடைப்பது தற்காலிகத் தீர்வு. கால் நகர்ந்திருந்தால் மேல்தளத்தை உடைத்துத்தான் ஆக வேண்டும். 59 சென்டிமீட்டர் உயரம், காலுக்கும் காலுக்கும் நடுவே 39 சென்டிமீட்டர்: ஆள் ஊர்ந்துபோய்ச் செங்கல் மாற்றும் இடம் அல்ல அது.

நடுக் குளியலகம்

நிலநடுக்கத்துக்குப் பின் வெறும் மனையில் தொடங்கியதால் இங்கே பழைய சுவரோடு மல்லுக்கட்டும் வேலை இல்லை. சுவர்ச்சூட்டைப் பின்னால் ஒட்டாமல், கட்டும்போதே திட்டமிட்டிருக்கிறார்கள். வெந்நீர்க் கூடத்துக்குத் தென்மேற்கு நோக்கிய பெரிய சன்னல்கள். பிற்பகலில்தான் ஊர் குளிக்க வரும். வெயிலும் அந்நேரம் அந்தப் பக்கமே விழும். வெந்நீர்க் கூடத்துக்கு ஒளி இந்தத் திசையிலிருந்து வர வேண்டும் என்பது விட்ருவியஸும் சொன்னதுதான். ஆனால் குளிர்ந்த சுவர்கள் உள்ள கூடத்தில் அகன்ற சன்னல் திறப்பது தற்கொலைக்குச் சமம். பழைய கூடங்கள் இருட்டாகவும் சிறு துவாரங்களோடும் இருந்தது அதனால்தான். சன்னலில் போகும் சூட்டை ஈடுகட்டச் சுவர் முழுவதும் சூடாக இருக்க வேண்டும், சன்னலுக்குக் கண்ணாடியும் வேண்டும். கி.பி. 62க்குப் பிறகு இரண்டும் இந்த ஊரில் கைக்கெட்டின. இருட்டுக் கூடத்தில் குளித்துப் பழகிய ஊருக்கு வெளிச்சத்தில் குளிக்க வழி திறந்தது சுவருக்குள் ஏறிய சுடுகாற்றால்தான். அடுப்புகளைக் கட்டி முடிக்கும் முன்பே எரிமலை வெடித்துவிட்டது. இந்தக் கூடம் ஒருநாளும் சூடேற்றப்படவில்லை.